வசந்தத்துக்கு ஓர் ஆற்றுப்படை

பத்துப்பாட்டிற் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞனை நோக்கி, 'இவ்வழியாற் செல்க. இன்ன ஊரில் இன்னார் உன்னை எதிர்கொள்வர். இன்ன உணவு இடுவர்' என்று நெறிப்படுத்துவதே அவற்றின் பொருள். மன்னன் புகழைப் பாட எழுந்த நூல்களே எனினும், அவற்றில் நெடும்பகுதி சோற்றைப் பற்றியது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையிலே எயினர் குடியில் என்ன கிடைக்கும், ஆயர் குடியில் என்ன, உழவர் ஊரில் என்ன, வலைஞர் சேரியில் என்ன என்று நிலந்தோறும் நின்று சொல்லிச் செல்கிறார். மலைபடுகடாம் மலைவழியின் இடர்களை எவ்வளவு விரித்துரைக்கிறதோ, அவ்வளவு மலைவாணர் இடும் விருந்தையும் விரித்துரைக்கிறது. வழியைச் சொல்லி உணவைச் சொல்லாது விடுவது வழிகாட்டல் ஆகாது என்பதை அப்புலவர்கள் நன்கு அறிந்திருந்தனர். அவர்கள் வழிகாட்டியது தனியொருவனுக்கு அன்று. பசித்த சுற்றத்தையும் சிறுவரையும் உடனழைத்துச் செல்பவனுக்கு.

இந்நூல்களைச் சில ஆண்டுகளுக்கு முன் மீண்டும் எடுத்துப் படிக்கச் செய்தது, நான்காந் தரத்துச் சிறுமி ஒருத்தியின் கட்டுரை.

சித்திரைப் புத்தாண்டு விடுமுறை கழிந்து லிந்துலையில் எங்கள் பாடசாலை தொடங்கிய முதல்நாள், 'நான் கண்ட நுவரெலியா' என்னும் தலைப்பைக் கரும்பலகையில் எழுதினேன். பெரும்பாலோர் வாவியையும் மட்டக்குதிரையையும் பற்றி எழுதினர். போகாதவர்களும் போனதாகவே எழுதினர். அது கட்டுரையாளர்க்குரிய உரிமையென்று கருதி நான் புள்ளி குறைக்கவில்லை. இச்சிறுமி மட்டும் வேறொன்று எழுதியிருந்தாள்: 'நாங்கள் பஸ் நிலையத்துக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று ரொட்டி சாப்பிட்டோம். யாரும் பார்க்கு முன்னே சாப்பிடு என்று அம்மா சொன்னார்.'

சிறுபாணாற்றுப்படையைப் பாடம் கேட்டவர்கள் இவ்விடத்தில் ஒரு காட்சியை நினைவுகூர்வர். கண் திறவாத குட்டிகள் பாலில்லா முலையைப் பற்றி இழுக்க, வலி பொறாது தாய்நாய் குரைக்கும் பாழடைந்த அடுக்களை, சுவரெல்லாம் கறையான், தரையிலே காளான். பாணன் மனைவி குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி வந்து, உப்புமின்றி அவிக்கிறாள். அதன்பின் அவள் செய்யும் செயல்தான் நெஞ்சைத் தைப்பது. புறங்கூறும் அயலார் தன் வறுமையைக் காண்பரே என்று நாணி, தலைவாயிலை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு கூடியிருந்து உண்கிறாள். நல்லூர் நத்தத்தனார் பசியை மட்டும் பாடியிருந்தால் அது வறுமைப் பாட்டாக நின்றிருக்கும். கதவை அடைத்ததையும் பாடினார். அதனால் இன்றளவும் நிற்கிறது. இச்சிறுமியின் தாய்க்கு அடைப்பதற்குக் கதவும் இல்லை. ஆகவே சுவரை நோக்கித் திரும்பி நின்றாள்.

நுவரெலியா நமக்கு அடுத்த வீடு. லிந்துலையில் ஹட்டனிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறினால், நானுஓயா வழியாக ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். ஆயினும் அடுத்த வீட்டு விருந்துக்கு அழைப்பின்றிச் செல்பவரின் கூச்சம் நம்மவரை விட்டு நீங்கவில்லை. அக்கூச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

ஏப்ரல் மாதத்தில் ஞாயிறு இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. கொழும்பின் வெம்மையைப் பொறாத ஆங்கிலேயர் கடல்மட்டத்துக்கு 1,868 மீற்றர் உயரத்திலுள்ள இவ்வூருக்கு ஏறி வந்தனர். அவர்கள் பொழுதுபோக்குக்காகவே ஊர் படிப்படியாக உருவாயிற்று. 1873-இல் தேசாதிபதி கிரகரி காலத்தில் வாவி அமைந்தது. இதே கிரகரிதான் 1877-இல் கொழும்பு நூதனசாலையையும் திறந்து வைத்தவர். 1876-இல் தோட்டத் துரைமார் 'ஹில் கிளப்' என்னும் கழகத்தை நிறுவினர். நெடுங்காலம் அது வெள்ளையர்க்கே உரியதாயிருந்தது. 1897-இல் விக்டோரியா மகாராணியாரின் ஆட்சி வைரவிழா நினைவாகப் பூங்கா பெயர் பெற்றது. 1934-இல் மஹகஸ்தொட்டை மலைப்பாதையில் மோட்டார்ப் பந்தயம் தொடங்கிற்று. இவ்வாறு 'சீசன்' என்னும் வழக்கு நிலைபெற்றது. இவ்வின்பங்களுக்குரிய பொருளை மலைச்சரிவுகளிலே ஈட்டிக் கொடுத்தவர்கள் நம் முன்னோர். அவர்கள் அப்பூங்காவை வேலிக்கு வெளியே நின்று கண்டனர், அல்லது உள்ளே நின்று கூட்டிப் பெருக்கினர்.

இன்னொரு முரணும் உண்டு. நமது திம்புள்ளைப் பகுதியில் தரத்தாற் சிறந்த தேயிலை தை முதல் பங்குனி வரையிலான வரட்சிக் காலத்தது. பின்னர்ச் சித்திரை மழை தொட்டவுடன் கொழுந்து பொங்கி எழும். ஆக, ஊர் வசந்தம் கொண்டாடும் நாளே கொழுத்த கொழுந்துக் காலம். கூடையை இறக்க முடியாத காலம். குடும்பமாகப் புறப்படுவதற்குக் கிடைப்பவை ஞாயிறும் பௌர்ணமி நாளும் புத்தாண்டையொட்டிய ஓரிரு நாள்களுமே. அந்நாள்களிலேதான் கொழும்பு, கண்டி முதலிய நகரங்களின் வாகனங்கள் எல்லாம் நுவரெலியாவில் வந்து குவிகின்றன.

வசந்தம் வெள்ளையர் நமக்குக் கொண்டுவந்த பொருளன்று என்பதையும் ஈண்டே சொல்லிவிட வேண்டும். வசந்தன் காமவேளின் தோழன். காமவேளுக்கு விழா எடுத்த செய்தி கலித்தொகையில் உண்டு. மாசி மாதத்தில் நம் தோட்டங்களிலே காமன் கம்பம் நட்டு, ரதியும் மன்மதனும் வேடமிட்டு, இரவிரவாகத் தப்பு முழங்க ஆடுகிறோமே, அந்தக் காமன் கூத்து நமது இளவேனில் விழா அன்றி வேறென்ன? லயத்து முற்றத்தில் தாயின் மடியிற் கிடந்தபடி மன்மத தகனத்தைக் கண்டு அழுத குழந்தைக்கு, பூக்கண்காட்சி அந்நியமான பொருளாக வேண்டியதில்லை.

இனி வழியைச் சொல்கிறேன்.

ஏப்ரல் மாதத் தொடக்கத்தில், பெரும்பாலும் முதலாந் திகதியன்று, பாடசாலைப் பிள்ளைகளின் வாத்திய அணிவகுப்போடு வசந்தகாலம் தொடங்குவது வழக்கம். 2020-இற் பெருந்தொற்றால் அது நடைபெறவில்லை. மற்றபடி பெரும்பாலும் வழுவாது வருகிறது. சிறு பிள்ளைகளுக்கு இவ்வணிவகுப்பை விடச் சிறந்த காட்சி இல்லையென்பேன். தம் வயதொத்த பிள்ளைகள் பறை கொட்டி வருவதைக் காண்பதற்குக் கட்டணமும் இல்லை. புத்தாண்டுக்கு முன்பின் ஐந்தாறு நாள்கள் நெரிசல் மிகப் பெரிது. அறை வாடகை முதல் அவித்த சோளம் வரை எல்லாம் விலையேறும். மாதக் கடைசியின் ஞாயிறு அல்லது பௌர்ணமி வாய்க்குமாயின் அதனைத் தேர்க. பூக்கண்காட்சியும் பெரும்பாலும் மாதப் பிற்பகுதியிலேயே நிகழும்.

விடியற்காலைப் பஸ்ஸைப் பிடியுங்கள். இதற்கு இரு காரணங்கள். ஒன்று, வாகன நெரிசல். மற்றது, சித்திரை மாதத்து மழை பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு இறங்கும். பூங்கா, வாவி ஆகிய திறந்தவெளி இன்பங்களை முற்பகலிலேயே முடித்துவிட வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கியவுடன் கழிப்பிடம் எங்கேயென்று கேட்டறிக. எந்த ஆற்றுப்படையும் இதைக் கூறவில்லைதான். புலவர்கள் மூன்று சிறுவரோடு வழிநடந்தவர் அல்லர் போலும்.

முதலில் விக்டோரியா பூங்கா. பங்குனி முதல் வைகாசி வரையும், மீண்டும் ஆவணிப் பக்கத்திலும் அதன் மலர்கள் செழித்திருக்கும். பிள்ளைகளுக்குப் பூவின் பெயரைச் சொல்லிக் கொடுக்க முற்படாதீர்கள். அவர்கள் பறவையைத்தான் பார்ப்பார்கள். காஷ்மீரத்து மலைகளிற் கூடுகட்டும் சிறிய ஈப்பிடிப்பான் ஒன்று பனிக்காலத்தைக் கழிக்க இப்பூங்காவை நாடி வருகிறது. உலகெங்குமுள்ள பறவை ஆர்வலர் அதனைக் காண்பதற்கென்றே இங்கு வந்து நிற்பர். சித்திரையில் அது திரும்பியிருக்கலாம். மாசியிற் சென்றால் காணலாம். கடல் கடந்து வந்த நம்மவர் கதையைப் பிள்ளைக்குச் சொல்லத் தொடங்க அதுவும் ஒரு நல்ல வாயில்.

பூங்காவை அடுத்துச் செங்கல்லாலான அஞ்சலகம். 1894-இற் கட்டப்பட்டது. 2023-இல் அதனை ஹோட்டலாக்கும் பேச்சு எழுந்தபோது அஞ்சல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தனர். எனக்குத் தெரிந்தவரை நுவரெலியாவிற் குறைந்த செலவிற் கிடைக்கும் பெரிய இன்பம் இங்கேதான் உள்ளது. ஓர் அஞ்சலட்டை வாங்கிப் பிள்ளையின் கையிற் கொடுத்து, அவன் பெயரையே எழுதி, பாடசாலை முகவரியிட்டுப் பெட்டியிற் போடச் சொல்லுங்கள். லயங்களில் வாழ்வோர்க்குரிய கடிதங்கள் தோட்டக் கந்தோருக்கு வந்து, கைமாறி, சில வேளை வராமலே போகும் வழக்கத்தை நாம் அறிவோம். தன் பெயருக்குத் தானே எழுதிய அட்டை சில நாள் கழித்து வகுப்பறைக்கு வந்து சேரும்போது அப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பின்னர் வாவி. படகுக்கும் மட்டக்குதிரைக்கும் தனித்தனிக் கட்டணம், ஏறுமுன் கேட்டறிக. மூன்று பிள்ளைகள் இருந்தால் மூவரும் ஒன்றாக ஏறக்கூடிய ஒன்றை மட்டும் தேர்க. பந்தய நாளாயின் குதிரைகள் ஓடுவதை வீதியில் நின்றே ஒருவாறு காணலாம். மோட்டார்ப் பந்தயத்தைப் பற்றி எனக்கு உயர்ந்த எண்ணம் இல்லை. இரைச்சலில் கைக்குழந்தைகள் அழுகின்றன.

இன்னொரு நாள் வாய்க்குமாயின், பதுளை வீதியிற் சீதா எலியச் சீதையம்மன் கோயிலும், பத்துக் கிலோமீற்றரளவில் ஹக்கலைப் பூந்தோட்டமும் உள்ளன. கோயிலுக்கு 2024 மே மாதத்திற் குடமுழுக்கு நிகழ்ந்தது. ஓடைக்கரைப் பாறையில் அனுமன் அடிச்சுவடு என்று காட்டுவர். பூந்தோட்டம் 1861-இற் சுரத்துக்கு மருந்தான சிங்கோனா மரத்தைப் பயிரிட்டுப் பார்க்கத் தொடங்கியது. அம்மலையையே அசோகவனம் என்பர் மக்கள். அங்கே குரங்குகள் உண்டு. சுந்தர காண்டத்தைக் கேட்டிருக்கும் பிள்ளைக்கு வேறு விளக்கம் வேண்டாம். கையிலுள்ள வாழைப்பழத்தை மட்டும் மறைத்து வைக்கச் சொல்லுங்கள்.

இனிச் சோறு. இவ்வாற்றுப்படையின் உயிர்நிலை இதுவே.

தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயென நிர்ணயிக்கப்பட்டது. நால்வர் கொண்ட குடும்பம் நடுத்தர உணவுச்சாலையொன்றில் அமர்ந்து பகலுணவு உண்டால், அத்தகைய ஒருநாட் சம்பளத்தை அவ்வுணவு விழுங்கிவிடும். வாவியை நோக்கிய கண்ணாடி மாளிகைகளிலோ அது தேநீருக்கும் போதாது. ஆதலால், முழுவுணவையும் கடையில் உண்ண வேண்டுமென்று நான் சொல்லமாட்டேன். வீட்டிலிருந்து ரொட்டியும் சம்பலும் கட்டிச் செல்க. ஆனால் அதைப் பஸ் நிலையச் சுவரருகே உண்ணாதீர்கள். பூங்காவின் மரநிழலும் வாவிக்கரைப் புற்றரையும் உண்பதற்குரிய இடங்களே. பொறியிற் சுட்ட கோழியோடு வந்த கொழும்புக் குடும்பமும் அப்புல்லில்தான் அமர்கிறது. சுற்றி வந்த தாளைப் பொறுக்கி எடுத்துவந்தால் உங்களை எவரும் ஒன்றும் கேட்க இயலாது.

ஒருவேளை மட்டும் கடையில் அமர்க. அது காலைப் பசியாறலாகவோ மாலைத் தேநீராகவோ இருக்கட்டும். கடைவீதியிலே சைவ உணவுச்சாலைகளும் முஸ்லிம் உணவுச்சாலைகளும் வெதுப்பகங்களும் உண்டு. எங்கே பிள்ளைகளோடு தாய்மார் அமர்ந்திருக்கிறார்களோ அங்கே நுழைக. விலைப்பட்டியல் சுவரில் இல்லையாயின், அமர்வதற்கு முன் வாய்விட்டு விலை கேளுங்கள், கேட்பது இழிவன்று. பன்னிரண்டு மணிக்கு முன் சென்றால் பரிமாறுபவர்க்குப் பொறுமை இருக்கும். தோசையைச் சாம்பாரின்றிச் சீனியோடு தரச் சொன்னால் உறைப்பு உண்ணாத குழந்தையும் பசியாறும். கொத்து ரொட்டி ஒன்றை வாங்கி வெறுந்தட்டு இரண்டு கேட்டால் பெரும்பாலோர் மறுக்கமாட்டார்கள். மறுப்பாருமுளர். ஒரு கடையில், 'சாப்பாடு எடுக்கிற ஆள்களுக்குத்தான் இந்த மேசை' என்று எங்களை எழுப்பியதுண்டு. எழுந்து அடுத்த கடைக்குச் சென்றோம்.

விலையே கேளாத விருந்தொன்றும் உண்டு. அதற்கு அடுத்த மாதம் வரை பொறுக்க வேண்டும். வெசாக் பௌர்ணமியில் நகரங்களிலும் பெருந்தெருக்களிலும் பௌத்த மக்கள் 'தன்சல்' என்னும் அன்னசாலைகளை அமைக்கின்றனர். சோறு, அவித்த கடலை, மரவள்ளி, நூடில்ஸ், குளிர்பானம், சிலவிடங்களில் ஐஸ்கிரீமும் வழிப்போக்கர் யாவர்க்கும் இலவசம். வரிசையில் நின்றால் இனம் எது, மொழி எது என்று எவரும் வினவுவதில்லை. நம்மவர் சிலர் இதனைப் 'பிறர் விழா' என்று ஒதுங்குவர். அவர்கள் மணிமேகலையைப் படித்திலர். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி, மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையில் மேலெழுந்து தோன்றுவது வைகாசி விசாகத்தன்றுதான். அதே புத்தர் பிறந்த நாள். அந்தப் பாத்திரத்தை ஏந்தித் தமிழ்ப்பெண் ஒருத்தி ஊர்ப்பசி தீர்த்த கதையைச் சாத்தனார் பாடியிருக்க, தன்சல் நமக்கு எவ்வாறு அயலாகும்? மாலையில் வெசாக் கூடுகள் ஒளிரும்போது பிள்ளைகளை அழைத்துச் செல்க. சிங்களத்தில் நன்றி சொல்லவும் கற்பித்து அழைத்துச் செல்க.

கொழும்பைப் பற்றியும் கேட்பீர்கள். காலிமுகத்திடலின் கடற்காற்றும், தெகிவளை மிருகக்காட்சிச்சாலையும், ஆடிவேல் விழாவும் பிள்ளைகள் காணத்தக்கவையே. ஆனால் அங்கே ஓரிரவு தங்க வேண்டும். தங்குவதற்கு உறவினர் வேண்டும். நம் பிள்ளைகளிற் பலர் கொழும்பை முதன்முதற் காண்பது, கடையொன்றில் வேலைக்குச் சேரச் செல்லும் நாளில்தான். அதற்குமுன் ஒருமுறையேனும் அவர்கள் ஒரு நகரத்தை விருந்தினராகக் கண்டிருக்க வேண்டும் என்பதே என் ஆசை. அந்நகரம் நுவரெலியாவாக இருப்பது எளிது.

அக்கட்டுரையைத் திருத்திய மறுவருடம், அச்சிறுமியின் குடும்பம் உள்ளிட்ட நான்கு குடும்பங்களோடு நானும் புறப்பட்டேன். பூங்காவையும் அஞ்சலகத்தையும் முடித்து, கடைவீதியில் ஓர் உணவுச்சாலைக்குள் நுழைந்து தேநீர் சொன்னோம். பரிமாறுபவர் கேளாமலே ஒவ்வொரு மேசையிலும் ஒரு தட்டு நிறைய வடையும் ரோல்சும் கொண்டுவந்து வைத்தார். எவரும் தொடவில்லை. பிள்ளைகள் கையை மடியிற் கட்டிக்கொண்டு தட்டையே பார்த்திருந்தனர். சிறுமியின் தந்தை என் காதருகே குனிந்து, 'சேர், நாங்க இதக் கேக்கலயே, இம்புட்டுக்கும் காசு எடுப்பாங்களோ?' என்றார். நாற்பது வயது கடந்த மனிதர். இருபது ஆண்டுகளாக அந்நகரத்துச் சந்தைக்கு மரக்கறி ஏற்றி வருபவர். இலங்கைத் தேநீர்க்கடைகளில் தட்டை நிறைத்து வைப்பதும், உண்டதை மட்டும் எண்ணிக் காசு பெறுவதும் வழக்கம் என்பதை அவருக்கு அதுவரை எவரும் சொல்லியிருக்கவில்லை. கடைக்குள் அமர்ந்ததில்லை; அதனால் அறிந்ததுமில்லை. நான் சொன்னேன். அவர் ஒரு வடையை எடுத்து மகளிடம் நீட்டினார்.

பகலில் வாவிக்கரைக்குச் சென்றோம். கட்டிவந்த ரொட்டியை அப்பெண்மணி முதலில் முந்தானைக்குள்ளேயே பிரித்தார். பின்னர் அருகே அமர்ந்திருந்த பிற குடும்பங்களைப் பார்த்தார். மெல்லப் புல்லின்மேல் விரித்தார்.

விடுமுறை கழிந்து அதே தலைப்பைக் கொடுத்தேன். ஐந்தாந் தரத்துக்கு வந்துவிட்ட அச்சிறுமி படகைப் பற்றியோ குதிரையைப் பற்றியோ ஒரு வரியும் எழுதவில்லை. 'எங்கள் தட்டில் எட்டு வடை இருந்தது. நாங்கள் ஐந்து சாப்பிட்டோம். மூன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். ஐந்துக்கு மட்டும் காசு கொடுத்தோம்' என்று கணக்கெழுதியிருந்தாள். கடைசி வரி, 'அம்மா குளத்தைப் பார்த்துக்கொண்டு ரொட்டி சாப்பிட்டார்' என்பது. 'பார்த்துக்கொண்டு' என்பதில் ஓர் ஒற்று விடுபட்டிருந்தது. சிவப்பு மையால் அதை இட்டேன்.